ஊசி முதலா, குழந்தை முதலா? பிறையிலிருந்து கேட்ட தங்கைக்கு

பினாங்கின் பிறையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 31. திருமணமாகி மூன்று வருடம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் வருகிறார். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சில நேரம் நான்கு மாதம்கூடத் தள்ளிப்போகிறது. ஸ்கேன் எடுத்த கிளினிக்கில், "கருப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாங்க" என்று சொல்லி மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கூட வேலை செய்யும் தோழி வாரம் ஒருமுறை ஊசி போட்டு நான்கு மாதத்தில் 11 கிலோ இறங்கிவிட்டார். அந்தத் தோழி கொடுத்த இரண்டு ஊசிப் பேனாக்கள் இப்போது இவர் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கின்றன. மாமியார் மாதா மாதம் கேட்கிறார். "ஊசி போட்டு எடையைக் குறைத்த பிறகு குழந்தைக்கு முயற்சி செய்வதா, இப்போதே செய்வதா? ஊசி போட்டால் பிற்பாடு குழந்தை தங்காமல் போய்விடுமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வரிக்கு வரி படித்துப் பார்த்தால், உங்களை உறுத்துவது காலம் என்று தோன்றுகிறது. கையில் எத்தனை வருடம் இருக்கிறது, அதில் எவ்வளவை எடைக்காகச் செலவழிக்கலாம் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் 20 வருடத்துக்கும் மேலாகப் பெண்கள் நலம் பார்க்கும் டாக்டர். முதலில் செபராங் பிறையில் அரசாங்க கிளினிக்குகளில் இருந்தேன், இப்போது தீவில் இருக்கிறேன். உங்களை நான் சோதித்துப் பார்க்கவில்லை, உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் என் முன்னால் இல்லை. அதனால் நான் சொல்வதை எடுத்துக்கொண்டு நேரில் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் அந்த "நீர்க்கட்டி". அது கருப்பையில் இல்லை, சினைப்பையில் இருக்கிறது. கட்டியும் இல்லை. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல சின்னச் சின்ன முட்டைப் பைகள் வளரத் தொடங்கும், அதில் ஒன்று முழுதாக முதிர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். உங்களுக்கு அவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. அப்படி நின்றுபோன பைகள்தான் ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிகின்றன. 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால் என்ற இரண்டு டாக்டர்கள், இன்று பிசிஓஎஸ் (PCOS) என்று சொல்லும் இந்தக் கோளாறை விவரித்து எழுதினார்கள். கட்டி என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு, இன்றுவரை பெண்களைப் பயமுறுத்துகிறது. "ஆப்பரேஷன் செய்து எடுத்துவிடலாமா டாக்டர்" என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். எடுக்க அங்கே எதுவும் இல்லை.

ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து இந்தக் கோளாறு இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. 2003இல் ரோட்டர்டாமில் வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது, ஆண் ஹார்மோன் மிகுதி அல்லது அதன் அறிகுறியாக முகத்தில் முடி, விடாத பருக்கள், மூன்றாவதாக ஸ்கேனில் அந்தத் தோற்றம். உங்களுக்கு இரண்டு இருப்பதால் டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் தைராய்டு கோளாறும், புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவதும் மாதவிடாயை இதே மாதிரி தள்ளிப்போடும். அவை இரண்டும் இல்லை என்று ரத்தத்தில் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எடுக்கவில்லை என்றால், முதல் வேலை அது.

உங்கள் எடையைவிட என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி, நான்கு மாதம் தள்ளிப்போகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டெரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அது சுரக்காவிட்டால் கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தச் சவ்வு கெட்டு, சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். இந்தக் கோளாறும் எடையும் சேர்ந்த பெண்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் கர்ப்பமா என்று சிறுநீர்ச் சோதனை, இல்லை என்றால் பத்துப் பதினான்கு நாள் புரோஜெஸ்டெரோன் மாத்திரை. நிறுத்தினால் சில நாளில் மாதவிடாய் வரும். வருடத்துக்கு நான்கு முறையாவது அந்தச் சவ்வு உதிர வேண்டும். குழந்தை இப்போது வேண்டும் என்றாலும் பிறகு வேண்டும் என்றாலும் இது மாறாது. "வராவிட்டால் நல்லதுதானே, வேலைக்குத் தொந்தரவில்லை" என்று நம் பெண்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து ஏழெட்டு வருடம் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாராவது ஒருவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இனி எடைக்கு வருகிறேன். உங்கள் உயரத்துக்கு 86 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 34க்குச் சற்று மேலே வருகிறது. ஆசியர்களுக்கு 23லிருந்து எடை அதிகம் என்றும் 27.5லிருந்து உடல் பருமன் என்றும் மலேசியாவில் கணக்கு வைக்கிறோம். வெள்ளையர்களுக்கு வைக்கும் 25, 30ஐவிடக் குறைவான எண் இது. காரணம் உண்டு. அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள்ளே சேரும் கொழுப்பு அதிகம், இன்சுலின் வேலை செய்யாமல் தடுமாறுவதும் அதிகம். இன்சுலின் உடம்பில் கூடினால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், முட்டைப் பை பாதியில் நிற்கும். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு எடை அதிகம் என்று தெரிந்தது. இனிப்புநீர் நோய் நம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே இது உங்கள் ஒருவரின் ஒழுக்கக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எவ்வளவு குறைய வேண்டும்? இதில்தான் நிறையப் பேர் மனம் ஒடிந்து போகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் இருந்த 58 கிலோவுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேவையில்லை. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பல பெண்களுக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது, மாதவிடாய் நெருங்கி வருகிறது. உங்களுக்கு அது 4 கிலோ சொச்சத்திலிருந்து எட்டரை கிலோ வரை. 86 கிலோ 80 ஆவது பெரிய மாற்றம், கண்ணாடியில் தெரியாவிட்டாலும் சினைப்பைக்குத் தெரியும். எல்லோருக்கும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மெலிந்த உடம்பிலும் இந்தக் கோளாறு இருப்பவர்கள் உண்டு, எடை குறைந்தும் மாதவிடாய் சீராகாதவர்களும் உண்டு.

அடுத்து, "எடையைக் குறைத்துவிட்டு வாங்க" என்ற அந்த வாக்கியம். நானும் அதைச் சொன்னவள்தான். டாக்டராகி முதல் சில வருடங்களில், கனத்த உடம்போடு குழந்தைக்காக வந்த பெண்களிடம் ஓர் எண்ணைச் சொல்லி, அதற்குக் கீழே வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறேன். எப்படிக் குறைப்பது என்று சொல்லித் தரவில்லை, எப்போது திரும்பி வர வேண்டும் என்று தேதியும் கொடுக்கவில்லை. சிலர் நான்கைந்து வருடம் கழித்து, 36, 37 வயதில், அதே எடையோடு திரும்பி வந்தார்கள். அத்தனை வருடமும் அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்திருக்கிறார்கள். எடை அப்படியே இருந்தது, வயதுதான் போயிற்று. அது என் மனதில் இன்றும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எடையைக் குறைத்துவிட்டுச் சிகிச்சை தொடங்குவது நல்லதா, நேராகத் தொடங்குவது நல்லதா என்பதை நெதர்லாந்தில் எடை அதிகமாயிருந்த 577 பெண்களிடம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஆறு மாதம் உணவும் உடற்பயிற்சியும், அப்புறம் சிகிச்சை. மறு பாதிக்கு உடனே சிகிச்சை. எடை குறைத்த பக்கத்தில் மருந்தே இல்லாமல் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் இரண்டு வருட முடிவில் ஆரோக்கியமான குழந்தையைச் சுகமாகப் பெற்றவர்களின் எண்ணிக்கை அந்தப் பக்கம் கூடவில்லை. வேறு சில ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே காட்டின. எடை குறைப்பது உடம்புக்கு நல்லது, கர்ப்ப காலத்தில் இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, ஆப்பரேஷன் எல்லாம் எடையோடு கூடுகிறது, அது உறுதி. அதற்காக எல்லாப் பெண்களையும் காத்திருக்க வைத்தால் அதிகக் குழந்தைகள் பிறக்கும் என்பது உறுதியில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் நம்மை அனுப்பி வைக்கிறார்கள்.

31 வயதில் உங்களுக்கு அவசரம் இல்லை, வீணாக்கவும் இடம் இல்லை. 36 வயது என்றால் எடைக்காக ஒரு நாளும் காத்திருக்காதீர்கள் என்பேன். உங்களுக்கு என் எண்ணம் இது: ஆறு மாதம் என்று ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் 5 விழுக்காட்டைத் தொடப் பாருங்கள், பரிசோதனைகளை முடியுங்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்தத் தேதியில் முட்டை வெளிவர மருந்து தொடங்குவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஆறு மாதத்துக்குள் இயற்கையாகவே குழந்தை தங்கினால் மகிழ்ச்சி.

சரி, ஊசி. உங்கள் தோழி போட்டது பெரும்பாலும் செமாக்ளூடைட் அல்லது டிர்செபடைட்டாக இருக்கும். ஓசெம்பிக், வெகோவி, மவுஞ்சாரோ என்று நீங்கள் கேட்கும் பெயர்களெல்லாம் இந்த இரண்டு மருந்துகளின் வியாபாரப் பெயர்கள்தான். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போல இவை நடிக்கின்றன. பசி அடங்கும், வயிறு மெதுவாகக் காலியாகும், "போதும்" என்ற உணர்வு சீக்கிரம் வரும். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, சந்தேகமே வேண்டாம். செமாக்ளூடைட் பற்றி 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 விழுக்காடு எடை குறைந்தது. டிர்செபடைட்டில் கூடுதல் டோஸில் 72 வாரத்தில் 20 விழுக்காடு வரை போயிற்று. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மருந்தை நான் பார்த்ததில்லை. உங்கள் தோழி ஏமாற்றவில்லை, ஏமாறவும் இல்லை.

ஊசி போட்டால் குழந்தை தங்காதா? மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடப்பது தலைகீழ். எடை குறையக் குறைய நின்றுபோன முட்டை வெளிவர ஆரம்பிக்கும், பெண்ணுக்கே தெரியாமல். எனக்கு எப்படியும் தங்காது என்று நம்பி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், குமட்டலை ஊசியின் பக்கவிளைவு என்று நினைத்தே இரண்டரை மாதக் கர்ப்பத்தோடு என்னிடம் வந்தார். அழுதுகொண்டே கேட்டார், குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் மருத்துவ உலகத்திடம் இன்னும் இல்லை. விலங்குகளில் செய்த சோதனையில் கருவுக்குக் கெடுதல் தெரிந்தது. மனிதர்களில், தெரியாமல் ஊசி போட்டுக் கர்ப்பமானவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் பெரிய அளவில் ஊனங்கள் கூடியதாக இதுவரை தெரியவில்லை, ஆனால் அந்தக் கணக்கு சிறியது. அந்தப் பெண்ணுக்கு உடனே ஊசியை நிறுத்தி, ஸ்கேன் வைத்துக் கவனித்தோம். குழந்தை நன்றாகப் பிறந்தது. ஒரு குழந்தை நன்றாகப் பிறந்ததை வைத்து மருந்து பாதுகாப்பானது என்று நான் சொல்ல முடியாது.

அதனால்தான் விதி தெளிவாக இருக்கிறது. செமாக்ளூடைட் போடுகிறவர் கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், முழுதாகக் கழிய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். டிர்செபடைட்டுக்குக் குறைந்தது ஒரு மாதம். ஊசி போடும் காலம் முழுவதும் கருத்தடை கட்டாயம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: டிர்செபடைட் தொடங்கும்போதும் டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் வயிறு மெதுவாகக் காலியாவதால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். அப்படி ஒவ்வொரு முறையும் அடுத்த நான்கு வாரத்துக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

இப்போது காலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செமாக்ளூடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதம் ஒரு படியாக ஏற்றி, முழு டோஸுக்கு வரவே நான்கு மாதம் ஆகிறது. ஆய்வில் சொன்ன பலன் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல். அப்புறம் இரண்டு மாத இடைவெளி. நிறுத்திய பிறகு பசி திரும்பும், எடையும் திரும்பும். அதே ஆய்வில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து பார்த்தபோது, நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. அப்படி ஏறும் காலம் உங்களுக்குக் கர்ப்ப காலமாக இருக்கும். இதையெல்லாம் கூட்டினால், ஊசி வழி என்பது குழந்தைக்கு முயற்சி தொடங்கவே ஏறக்குறைய ஒன்றரை வருடம் தள்ளி வைப்பது. 31 வயதில் அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன். உங்கள் சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தாலோ, ரத்தக்கொதிப்பு இருந்தாலோ, ஈரலில் கொழுப்பு சேர்ந்திருந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்துவிட்டுக் கர்ப்பமாவது நல்லது, அங்கே ஊசிக்கு நியாயம் இருக்கிறது. பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்தால் நான் உங்களுக்கு ஊசியை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். வேறு டாக்டர் வேறு மாதிரி நினைக்கலாம், அதிலும் தவறில்லை. மாதம் பல நூறு வெள்ளி செலவாகும் என்பதையும் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கணையத்தில் முன்பு வீக்கம் வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருப்பவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது.

மெட்ஃபோர்மினைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தீர்கள், இனிப்புநீர் மருந்தாயிற்றே என்று. அது பழைய, நன்றாகப் பழகிய மருந்து. இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும், சிலருக்கு மாதவிடாயைச் சீராக்கும். எடையைப் பெரிதாக இறக்காது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் குறைந்த டோஸில் தொடங்கி ஏற்றலாம், மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. பல வருடம் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். சைவமாக இருந்தால் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டை வெளிவர இப்போது முதல் மருந்து லெட்ரோசோல். மாதவிடாய் தொடங்கிய சில நாளில் ஆரம்பித்து ஐந்து நாள் சாப்பிடும் மாத்திரை. பெட்டியில் உள்ள தாளைப் படித்தால் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்காகக் கண்டுபிடித்தது உண்மை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தற்காலிகமாகக் குறைப்பதால் மூளை சினைப்பையை எழுப்புகிறது, அதுதான் நமக்குத் தேவை. 2014இல் 750 பெண்களிடம் செய்த ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள், பழைய மருந்தான குளோமிஃபினில் 19.1 விழுக்காடு. அந்தப் பெண்களின் சராசரி உடல் நிறைக் குறியீடு ஏறக்குறைய உங்களுடையதுதான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் எடையில் இந்த மருந்து வேலை செய்யும். ஆனால் ஸ்கேன் வைத்து முட்டை வளர்வதைப் பார்க்கும் இடத்தில் எடுங்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப வளர்ச்சி வாரியத்தின் (LPPKN) நூர் செஜாத்ரா கிளினிக்குகள் சிலவற்றிலும் குழந்தையின்மைக்கான சேவை உண்டு, தனியாரைவிடச் செலவு குறைவு.

அதற்கு முன்னால் கணவருடைய விந்துப் பரிசோதனை. சின்னச் சோதனை, மூன்று நான்கு நாள் உறவு இல்லாமல் இருந்து கொடுத்தால் போதும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் ஏதாவது காரணம் இருக்கிறது. மனைவிக்கு மாதவிடாய் ஒழுங்கில்லை என்று தெரிந்ததும் கணவரை யாரும் கேட்பதே இல்லை. பெண்ணுக்கு ஒரு வருடம் மருந்து கொடுத்த பிறகு ஆணின் எண்ணிக்கை பூஜ்யம் என்று தெரிய வந்த தம்பதியை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அந்த ஒரு வருடம் எத்தனை பேச்சு கேட்டிருப்பார்!

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஷிப்ட் வேலைப் பெண்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் பஸ் இறங்கினதும் ரொட்டி சானாய், தே தாரிக். பகலில் அரைத் தூக்கம். எழுந்ததும் நாசி கண்டார், அதிலும் குழம்பு வெள்ளமாக ஊற்றிய குவா பஞ்சிர். தூக்கம் கெட்டால் பசி ஹார்மோன்கள் கெடும், அது மன உறுதிக் குறைவு ஆகாது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் மாற்றச் சொல்வது குடிக்கிறதை. கெட்டிப் பால் போட்ட தே தாரிக்கும் மைலோவும் நாளுக்கு மூன்று கிளாஸ் என்றால், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறுங்கள். ஒரு மாதத்திலேயே வித்தியாசம் தெரிகிறவர்கள் உண்டு. இரண்டாவது, தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பருப்பு, காய். சோறு கடைசியில், குழம்பு ஓரமாக. சோறே கூடாது என்று நான் சொல்வதில்லை, நம் வீடுகளில் அது மூன்று நாளைக்கு மேல் நிற்காது. இரவு ஷிப்டில் கேண்டீனை நம்பாமல் வீட்டிலிருந்து அவித்த முட்டையும் சுண்டலும் கொண்டு போங்கள். நடை, வாரத்துக்கு 150 நிமிடம். தாவரத் தோட்டத்தில், தண்ணீர்மலை பக்கம் காலையில் நடக்கும் கூட்டத்தில் என் நோயாளிகள் சிலர் இருக்கிறார்கள். பிறையிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால் வீட்டைச் சுற்றி நடந்தாலும் கணக்கில் சேரும். குறட்டை பலமாக இருந்தால், காலையில் எழுந்தும் களைப்பாக இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு உள்ள பெண்களிடம் அது அதிகம். மனச்சோர்வும் அதிகம். அழுகை வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இணையத்தில் விற்கும் மெலிவுக் காப்பி, மெலிவு ஜூஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். சிபுட்ராமின் என்ற மருந்து இதயத்தைக் கெடுக்கிறது என்று 2010இல் நிறுத்தப்பட்டது. அதையே ரகசியமாகக் கலந்த பொருள்களைச் சுகாதார அமைச்சு இன்றும் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. பதிவான மருந்துக்கு MAL என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும்.

அடுத்த ஓய்வு நாளில் பக்கத்து அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹத்தானுக்குப் போய் கர்ப்பத்துக்கு முந்தைய கவனிப்பு வேண்டும் என்று கேளுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. ரத்தக்கொதிப்பு, தைராய்டு, புரோலாக்டின், தாலசீமியா, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை. ஃபோலிக் அமிலம் அன்றே தொடங்குங்கள், உங்கள் எடைக்கு 5 மில்லிகிராம் மாத்திரை தருவார்கள். குழந்தையின் முதுகுத்தண்டு மூடுவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள். மாதவிடாய் ஒழுங்கில்லாத உங்களுக்கு அந்த நான்கு வாரத்தில் கர்ப்பம் என்றே தெரியாது. அப்புறம் தங்கியதும் சீக்கிரமே போய்ப் பதிந்துகொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குச் சர்க்கரைச் சோதனையை ஆரம்பத்திலும் 24 வாரத்துக்குப் பிறகும் செய்வார்கள், தேவையென்றால் ரத்தக்கொதிப்பைத் தடுக்க 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். கர்ப்பத்தில் உங்கள் எடைக்கு 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும். இரண்டு பேருக்குச் சாப்பிடச் சொல்லும் பெரியவர்களிடம் அதைப் பணிவாகச் சொல்லலாம்.

மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தால் ஒருமுறை கணவர் சொல்லட்டும், "நாங்கள் ரெண்டு பேரும் டாக்டரைப் பார்க்கிறோம், ஆறு மாதம் ஆகும்மா" என்று. ரெண்டு பேரும் என்ற வார்த்தை முக்கியம். என் அனுபவத்தில் மாதா மாதம் கேட்கும் மாமியார்கள் பலர் பயத்தில் கேட்கிறார்கள், தேதி ஒன்று கிடைத்தால் கொஞ்சம் அடங்குவார்கள். அடங்காதவர்களும் உண்டு, அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

அந்த இரண்டு பேனாக்கள். போடாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் வாங்கக்கூடிய மருந்து அது. ஏற்கெனவே உபயோகித்த பேனா என்றால் ஊசி முனையை மாற்றினாலும் ரத்தத்தால் பரவும் நோய் ஒட்டலாம். எந்த டோஸ், எத்தனை நாள் ஐஸ்பெட்டிக்கு வெளியே இருந்தது, போலியா அசலா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. தோழி நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். கிளினிக்குக்குப் போகும்போது அதைப் பையில் எடுத்துக்கொண்டு போய் மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒன்று போட்டுக்கொண்டீர்கள் என்றால் தேதியைக் குறித்து வைத்து, மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதம் எண்ணி, அதுவரை பாதுகாப்போடு இருங்கள்.